எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு மலையேற்றம்: சாப்பாடு பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

எனக்கு எடையைக் குறைக்க இரைப்பையில் செய்யும் பைபாஸ் ஆபரேஷன் நடந்து ஆறு வருடம் ஆகிறது. கோவையில் இருப்பதால் மலை எப்போதும் கண்ணெதிரே நிற்கும். ஆபரேஷனுக்கு முன்னால் மருதமலைப் படிக்கட்டே எனக்குப் பெரிய காரியம். இப்போது வருடத்தில் ஏழெட்டு முறை காட்டுக்குள் போகிறேன். இதே ஆபரேஷன் செய்துகொண்ட பலர் என்னோடு வந்திருக்கிறார்கள், இன்னும் பலர் போனில் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான், அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. மருந்து, நோய் பற்றி இங்கே சொல்வதை உங்கள் சர்ஜனிடமும் டயட்டீஷியனிடமும் ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆபரேஷன் முடிஞ்சு எத்தனை மாசத்துல மலை ஏறலாம்?

நடக்கலாமா என்று கேட்டால், ஆபரேஷன் முடிந்த அன்றோ மறுநாளோ ஆஸ்பத்திரியிலேயே நடக்க வைத்துவிடுவார்கள். சுமை தூக்கிக்கொண்டு மலை ஏறுவது வேறு. முதல் ஆறிலிருந்து எட்டு வாரம் திரவம், கூழ், மென்மையான உணவு என்று படிப்படியாகப் போகும். கனமான எதையும் தூக்கக் கூடாது. அந்தக் காலத்தில் மலையை நினைக்கவே வேண்டாம்.

அதற்குப் பிறகும் மாதக் கணக்கை விட உங்கள் தட்டைப் பார்த்து முடிவு செய்வதுதான் சரி என்பேன். வீட்டில் இருக்கும்போது தினமும் 60 கிராம் புரதமும் ஒன்றரை லிட்டர் தண்ணீரும் சிரமமில்லாமல் உள்ளே போகிறதா? வாந்தி நின்றுவிட்டதா? ரத்தப் பரிசோதனையில் இரும்பும் பி12-ம் சரியாக இருக்கிறதா? இவற்றுக்கெல்லாம் ஆமாம் என்று சொல்ல முடிந்தால், சர்ஜனிடம் கேட்டுவிட்டு அரை நாள் நடையில் ஆரம்பிக்கலாம். எனக்கு இது ஏழாவது மாதத்தில் கூடிவந்தது. இரவு தங்கும் பயணத்துக்கு ஒரு வருடம் காத்திருந்தேன், அந்தக் காத்திருப்பு வீணாகவில்லை.

ஸ்லீவ் பண்ணவங்களுக்கும் பைபாஸ் பண்ணவங்களுக்கும் ஒரே சாப்பாடுதானா?

முக்கால்வாசி ஒன்றுதான். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை விட்டு வைப்பார்கள். உணவு போகும் வழி மாறாது. பைபாஸில் மேலே சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பை ஒன்றை உண்டாக்கி, சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டிக் கீழே இணைத்துவிடுவார்கள். இரும்பும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படுவது அந்தத் தாண்டிப்போன பகுதியில்தான்.

அதனால் பைபாஸ்காரர்கள் மூன்று விஷயத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்: இனிப்பு, வலி மாத்திரை, திடீர் வயிற்று வலி. மூன்றும் கீழே தனித்தனியாக வருகின்றன. ஸ்லீவ்காரர்களுக்கு நெஞ்செரிச்சல் தொல்லை அதிகம். சாப்பிட்ட உடனே குனிந்து ஷூ கயிறு கட்டினாலே புளிப்பு தொண்டைக்கு வந்துவிடும். சாப்பிட்டதும் செங்குத்தான ஏற்றம் வராத இடமாகப் பார்த்து உட்காருங்கள்.

காலையில பசியே இல்ல. அப்படியே ஏறிட்டு மேல போய் சாப்பிட்டுக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சாதாரண வயிறு உள்ளவர் காலையில் சாப்பிடாமல் ஏறினாலும் மதியம் இரண்டு தட்டு சாதம் சாப்பிட்டுச் சரிக்கட்டிவிடுவார். தண்ணீரை மறந்தால் ஊற்றைப் பார்த்ததும் அரை லிட்டரை மடமடவென்று குடித்துவிடுவார். நமக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. மதியம் எவ்வளவு பசித்தாலும் ஒரு கிண்ணத்துக்கு மேல் போகாது. காலையில் விட்டது விட்டதுதான், பிறகு சேர்த்துச் சாப்பிட்டுக்கொள்ள முடியாது.

பசியை நம்பவும் முடியாது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியைத்தான் ஸ்லீவில் வெட்டி எடுக்கிறார்கள். அதோடு கடுமையாக ஏறும்போது யாருக்குமே பசி அடங்கிப்போகும். நான் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறேன். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை போனில் அலாரம் அடிக்கும், பசித்தாலும் பசிக்காவிட்டாலும் நான்கைந்து வாய் சாப்பிடுவேன். வெள்ளியங்கிரி மாதிரி இரவில் ஏறும் மலைக்கும் இதே முறைதான். ராத்திரி இரண்டு மணிக்குச் சாப்பிடப் பழக்கமில்லையே என்பார்கள். கால் வேலை செய்யும் நேரத்தில் வயிற்றுக்கும் ஏதாவது போக வேண்டும்.

மலையில ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட்டாகணும்?

புரதத்துக்கு 60 முதல் 80 கிராம் வரை என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். மலை நாளில் நான் மேல் எண்ணைக் குறிவைக்கிறேன். கலோரி கணக்கு வேறு மாதிரி. நாள் முழுக்க ஏறி இறங்கினால் உடம்பு 2,500 கலோரிக்கு மேல் எரிக்கலாம். நம்மால் உள்ளே தள்ள முடிவது 1,200, மிஞ்சினால் 1,500. ஒரு நாள், இரண்டு நாள் பயணத்தில் இந்த இடைவெளியைச் சேமிப்புக் கொழுப்பு பார்த்துக்கொள்ளும். மூன்று நாளைத் தாண்டினால் அன்றாடத்தை விடக் கொழுப்பைக் கூட்டிச் சாப்பிட வேண்டிவரும். வேர்க்கடலை, தேங்காய், ஒரு ஸ்பூன் நெய் எல்லாம் சின்ன இடத்தில் நிறைய சக்தி தருபவை. பைபாஸ்காரர்களுக்கு நெய் அதிகமானால் வயிறு இளகும், அதை வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்.

எடை இன்னும் குறையணும். மலையில கம்மியா சாப்பிட்டா நல்லதுதானே?

இதைக் கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வராது, ஏனென்றால் நானும் இப்படி நினைத்தவன். ஆனால் மலை அதற்கான இடமில்லை. புரதம் போதாமல் உழைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். தொடைத் தசை களைத்துப் போனால் இறக்கத்தில் முட்டி மடங்கும். மலையில் விழுபவர்கள் பலரும் இறங்கும்போதுதான் விழுகிறார்கள். எடையைக் குறைக்கும் வேலை வீட்டில் நடக்கட்டும்.

சாப்பிடும்போது தண்ணி குடிக்கக்கூடாதுன்னு சொன்னாங்க. அப்ப ஏறும்போது எப்படிக் குடிக்கிறது?

சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள் என்ற விதி மலையிலும் உண்டு. இருக்கும் கொஞ்ச இடத்தைத் தண்ணீர் அடைத்துவிடும். அதனால் நம் நேரம் முழுவதும் குடிக்கும் நேரம், சாப்பிடும் நேரம் என்று இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. நான் செய்வது இதுதான்: அலாரம் அடித்ததும் சாப்பிடுவேன். அரை மணி நேரம் வாயை நனைப்பதோடு சரி. அடுத்த ஒரு மணி நேரம், பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை மூன்று நான்கு மடக்கு. அப்படிக் குடித்தால் மணிக்கு அரை லிட்டர் போய்விடும், வயிறும் முட்டாது.

முதுகுப்பைக்குள் வைத்து, குழாய் வழியாக உறிஞ்சும் தண்ணீர்ப் பை நம் மாதிரி ஆட்களுக்கு நல்ல வசதி. பாட்டிலை எடுக்க நிற்க வேண்டாம் என்பதால் அடிக்கடி குடிப்போம். குளிர்ந்த சுனை நீரைச் சிலருக்கு வயிறு ஏற்காது, சுருட்டிப் பிடிக்கும். சுனையில் பிடித்த தண்ணீரைச் சுத்திகரித்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து குடியுங்கள். சோடா, கலர் எதுவும் வேண்டாம். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் நின்று உட்கார்ந்து, குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

பையில என்னென்ன எடுத்துட்டுப் போறீங்க?

கடையில் விற்கும் புரோட்டீன் பாரை நம்பிப் போகிறவர்களைப் பார்க்கிறேன். பின்பக்கத்தைப் படியுங்கள். பல பார்களில் புரதத்தை விடச் சர்க்கரைதான் அதிகம். நம் சமையலறையிலேயே இதைவிட நல்ல பொருள் இருக்கிறது.

என் பையில் தவறாமல் இருப்பது ஒரு மாவு. பொட்டுக்கடலை 200 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 100 கிராம், ஆடை நீக்கிய பால் பவுடர் 100 கிராம், கொஞ்சம் சுக்கு, சீரகம், உப்பு. முதலில் பொட்டுக்கடலையைத் தனியாக நைசாக அரைத்துச் சலித்துவிடுங்கள். வேர்க்கடலையை விட்டு விட்டு அரைக்க வேண்டும், ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் விட்டுக் கட்டியாகிவிடும். எல்லாவற்றையும் கலந்தால் 100 கிராமில் ஏறக்குறைய 26 கிராம் புரதம். நான்கு மேசைக்கரண்டி அளவை, அதாவது 40 கிராமை, வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்தால் 10 கிராம் புரதம் கிடைக்கும். அடுப்பு தேவையில்லை. நாலைந்து நாள் கெடாது. உப்புப் போட்டிருப்பதால் வேர்வையில் போனதும் கொஞ்சம் திரும்பி வரும்.

அடுத்தது மீல் மேக்கர் பொடி. காய்ந்த மீல் மேக்கரில் பாதிக்குப் பாதி புரதம். ஆனால் உருண்டையாகச் சாப்பிட்டால் நம் வயிற்றில் ஊறி உப்பிக்கொள்ளும். வெறும் வாணலியில் நன்றாக வறுத்து, மிளகு, பூண்டு, பெருங்காயத்தோடு பொடித்து, மோரிலோ சூப்பிலோ ஒரு ஸ்பூன் கலந்துகொள்கிறேன். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு வறுத்துப் பொடித்த நெத்திலிக் கருவாடு இருக்கிறது. எடைக்கு எடை பார்த்தால் அதில் புரதம் மிக அதிகம். ஆனால் கூடாரத்துக்குள் டப்பாவைத் திறக்காதீர்கள், வாசனைக்கு எந்த மிருகமும் வரும். அவித்த முட்டை ஓட்டோடு இருந்தால் காலையிலிருந்து மதியத்துக்குள் சாப்பிட்டுவிடலாம். சமவெளி வெயிலில் அதற்கு மேல் வைக்க மாட்டேன். சுண்டலும் அப்படித்தான், சீக்கிரம் புளித்துவிடும். பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் பவுடரை ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டிக்கொள்ளுங்கள். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் திரிந்து கட்டி கட்டியாகிவிடும், ஆறிய தண்ணீரில் கலக்குங்கள்.

எல்லாம் சின்ன எவர்சில்வர் டப்பாவில்தான். வெள்ளியங்கிரி அடிவாரத்தில் பூண்டியிலேயே வனத்துறையினர் பிளாஸ்டிக்கைச் சோதிக்கிறார்கள், அது நல்ல காரியம். குரங்குகள் இருக்கும் மலைகளில் டப்பாவைத் திறந்துவைத்துவிட்டு நிதானமாக மென்றுகொண்டிருக்க முடியாது. நாமோ ஒவ்வொரு வாயையும் இருபது முப்பது முறை மெல்ல வேண்டியவர்கள். அதனால் ஒரு வாய்க்கு எடுத்துக்கொண்டு டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

புளியோதரை, தயிர் சாதம் கட்டிட்டுப் போறதுதானே நம்ம வழக்கம்?

வழக்கம்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் புளியோதரை கையளவு சாப்பிட்டாலே நமக்கு வயிறு நிறைந்துவிடும், உள்ளே போனதில் புரதம் கிட்டத்தட்ட ஒன்றும் இருக்காது. ஆறிப்போன சாதம் விறைத்து, மெல்லாமல் விழுங்கினால் அடைத்துக்கொள்ளவும் செய்யும். தயிர் சாதம் தேவலாம். சாதத்தைக் குழைய வடித்து, பாதிக்கு மேல் கெட்டித் தயிராகப் போட்டு, ஊறவைத்து அவித்த வேர்க்கடலையை மசித்துச் சேர்த்தால் நல்ல சாப்பாடு. முதலில் தயிரையும் கடலையையும் சாப்பிடுங்கள், இடம் இருந்தால் சாதம்.

இட்லி, பொடி இட்லி பலருக்கு ஒத்துக்கொள்ளும். சப்பாத்தி, பன், பரோட்டா அடைத்துக்கொள்ளும். ஊறாத அவலை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தால் உள்ளே உப்பும், மிக ஜாக்கிரதை.

கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், குளுக்கோஸ் பவுடர்? மலையேறுறவங்க எல்லாம் அதைத்தானே சாப்பிடறாங்க?

அவர்களுக்குச் சரி. நமக்கு, அதுவும் பைபாஸ்காரர்களுக்கு, ஒரே நேரத்தில் நிறைய இனிப்பு போனால் அது இரைப்பையில் தங்காமல் நேராகக் குடலுக்குள் கொட்டும். இதைத்தான் டம்பிங் என்கிறார்கள். படபடப்பு, வேர்வை, வயிற்றைச் சுருட்டும் வலி, பேதி எல்லாம் வரலாம். ஸ்லீவ்காரர்களுக்கும் சில சமயம் வரும்.

அதற்காக மாவுச்சத்தே வேண்டாம் என்று இருந்தால் நாலு மணி நேர ஏற்றத்துக்குக் கால் ஒத்துழைக்காது. நேந்திரம் பழம் கால் பங்கு, வேகவைத்த சர்க்கரைவள்ளி இரண்டு துண்டு, அதோடு மூன்று நான்கு வேர்க்கடலை என்று புரதத்தோடு சேர்த்துச் சாப்பிட்டால் மெதுவாக இறங்கும். கடலை மிட்டாயில் ஒரு ஓரம் கடித்து பத்து நிமிடம் மென்றால் எனக்கு ஒன்றும் செய்வதில்லை. முழுசாகச் சாப்பிட்டுப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. குளுக்கோஸ் பவுடரை வைத்துக்கொள்ளுங்கள், அது சாப்பாட்டுக்கு இல்லை, மருந்துக்கு. எதற்கென்று ஒரு கேள்வி தாண்டிச் சொல்கிறேன்.

வழியில பானகம், மோர், எலுமிச்சை ஜூஸ் தர்றாங்க. எதைக் குடிக்கலாம்?

நீர்மோர் குடியுங்கள். உப்பு, தண்ணீர், கொஞ்சம் புரதம் எல்லாம் அதில் இருக்கிறது. எலுமிச்சைச் சாற்றில் உப்பு மட்டும் போடச் சொல்லுங்கள். பானகம் வெல்லக் கரைசல், ஒரு டம்ளர் போதும் டம்பிங் வர. என் எட்டாவது மாதத்தில் பர்வதமலை அடிவாரத்தில் ஒருவர் அன்போடு நீட்டிய பானகத்தை மறுக்க மனமில்லாமல் குடித்துவிட்டேன். இருபது நிமிடத்தில் ஒரு பாறையில் படுத்தவன் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. இப்போது கையில் வாங்கி, கண்ணில் ஒற்றி, உதட்டை நனைத்துவிட்டுக் கூட வருபவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

வேர்வை அதிகம் போகும் நாளில் ஓ.ஆர்.எஸ். என்ற உப்புக்கரைசல் பாக்கெட் நல்லது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி செய்தது ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், மடக்கு மடக்காகக் குடித்தால் தொல்லை தராது. 2025 வரை அதே பெயரின் சாயலில் விற்ற, அட்டைப் பெட்டியில் வரும் பழச்சுவைப் பானங்கள் வேறு சமாச்சாரம், அவற்றில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஏறிட்டிருக்கும்போது திடீர்னு கை நடுங்குது, வேர்க்குது. இது களைப்பா, டம்பிங்கா?

கடைசியாகச் சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று முதலில் பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் வந்து, வயிறும் சேர்ந்து புரட்டினால் முன்னால் சொன்ன டம்பிங். நிழலில் சாய்ந்து படுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். அது தானாக அடங்கும். இனிப்புக் கொடுக்கக் கூடாது.

சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். வேகமாக உறிஞ்சப்பட்ட மாவுச்சத்துக்கு உடம்பு இன்சுலினை அளவுக்கு மேல் சுரந்துவிடுகிறது. நடுக்கம், குளிர்ந்த வேர்வை, கண் இருட்டுவது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது எல்லாம் இதன் அடையாளம். இதற்குத்தான் குளுக்கோஸ் பவுடர்: மூன்று டீஸ்பூன், அதாவது 15 கிராம். கால் மணி நேரத்தில் தெளிந்ததும் கட்டாயம் புரதம் சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

விரல்நுனியில் ஊசி குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர் கையளவுதான் இருக்கிறது. எண் 70-க்குக் கீழே என்றால் சந்தேகமே இல்லை. குளிரான இடத்தில் மீட்டரையும் பட்டைகளையும் சட்டைக்குள் வைத்திருங்கள். சர்க்கரை மாத்திரை இன்னும் சாப்பிடுகிறவர்கள் மலைக்குப் போகும் முன் டாக்டரைப் பார்த்து அளவைச் சரிபார்த்தே ஆக வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால் போட்ட அளவு இப்போது அதிகமாக இருக்கலாம்.

கால் வலிக்கு என்ன மாத்திரை எடுத்துட்டுப் போகலாம்?

பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை எல்லாம் பைபாஸ் இணைப்பில் புண் உண்டாக்கும், ரத்தக் கசிவு வரைக்கும் போகலாம். ஸ்லீவ்காரர்கள் சர்ஜனைக் கேட்காமல் தொட வேண்டாம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், மருந்துக் கடையில் "முட்டி வலி" என்று கேட்டால் பாராசிட்டமாலோடு இவற்றில் ஒன்று கலந்த மாத்திரையை எடுத்துக் கொடுப்பார்கள். கூட வரும் நண்பர் பையிலிருந்து தருவதும் பெரும்பாலும் அதுதான். அட்டையின் பின்னால் உள்ள சின்ன எழுத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள். பூசும் களிம்பு பற்றியும் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

சத்து மாத்திரையை ரெண்டு நாள் விட்டா என்ன ஆயிடும்?

இரண்டு நாளில் ஒன்றும் ஆகாது. ஆனால் மலைக்குப் போய் வந்த பிறகு அப்படியே மறந்துவிடுபவர்கள் நிறையப் பேர், பயம் அதுதான். இந்த மாத்திரைகள் ஆயுள் முழுக்க. நாள்வாரி அறைகள் உள்ள மாத்திரை டப்பா வாங்கிக்கொள்ளுங்கள்.

இரும்பும் கால்சியமும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட்டுப் போட வேண்டும். இரும்போடு டீ, காபி சேராது. மலையில் காலையில் எழுந்ததும் சுடச்சுட டீ வரும், அதனால் நான் கால்சியத்தைப் பகலில் பிரித்துப் போட்டுக்கொண்டு, இரும்பைப் படுக்கும் நேரத்துக்குத் தள்ளிவிட்டேன்.

சதுரகிரி மாதிரி இடத்துல அன்னதானத்துல உட்கார வச்சு இலை நிறையப் போட்டுடறாங்க. என்ன பண்றது?

பரிமாற ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "ஐயா, வயித்துல ஆபரேஷன் ஆகியிருக்கு, ஒரு கரண்டி சாதம், சாம்பார்ல அடியில இருக்குற பருப்பு நிறைய." இதுவரை யாரும் என்னிடம் கோபப்பட்டதில்லை. இரண்டாவது முறை பருப்பைத் தேடி எடுத்து வந்து போட்டவர்கள் உண்டு. இலையில் விழுந்த பிறகு வேண்டாம் என்றால்தான் சங்கடம். கூட வருபவர்களோடு ஒரே இலையில் பகிர்ந்துகொள்வதும் நடக்கும்.

நண்பர்கள் "இவ்வளவுதானா சாப்பிடறே" என்று ஊட்டிவிடப் பார்ப்பார்கள். கிளம்பும் முன்பே ஒருவரிடமாவது முழு விஷயத்தையும் சொல்லி வையுங்கள். அவர்தான் ஆபத்தில் உங்களுக்காகப் பேசப் போகிறவர். ஆபரேஷனை மறைத்துக்கொண்டு மலைக்கு வராதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு முழு நாள் நீங்க சாப்பிட்டதை அப்படியே சொல்லுங்களேன்.

போன பிப்ரவரியில் ஒரு நாள் எழுதி வைத்தது இருக்கிறது. அதிகாலை ஐந்து மணிக்கு வே பவுடர் ஒரு கரண்டி தண்ணீரில் (புரதம் 24 கிராம்). ஏழரைக்கு ஒரு அவித்த முட்டையும் அரை இட்லியும் (7). ஒன்பதரைக்கு மேலே சொன்ன மாவு 40 கிராம் (10). பதினொன்றுக்கு மோரில் மீல் மேக்கர் பொடி (8). ஒரு மணிக்குக் கடலை போட்ட தயிர் சாதம் சின்னக் கிண்ணம் (8). நாலு மணிக்கு மறுபடி மாவு, பாதி அளவு (5). ராத்திரி கீழே இறங்கிக் கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணமும் ஒரு ஆம்லெட்டும் (13). மொத்தம் 75. பகலில் எந்த வேளையும் ஒரு சின்னக் கிண்ணத்தை மிஞ்சவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அகத்தியர்கூடம் மாதிரி மூணு நாள் பயணம், இமயமலைன்னா என்ன வித்தியாசம்?

காட்டுக்குள் தீ மூட்டிச் சமைக்க அனுமதி இல்லை, அதில் எந்தச் சலுகையும் கேட்கக் கூடாது. 2018-ல் குரங்கணியில் காட்டுத் தீ எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பதை நம்மில் யாரும் மறக்கவில்லை. எனவே முகாமில் கிடைக்கும் கஞ்சி, பயறோடு உங்கள் பொடிகளைச் சேர்த்துக்கொள்வதுதான் வழி. கஞ்சி நமக்கு இதமான சாப்பாடு. அதில் இரண்டு ஸ்பூன் மீல் மேக்கர் பொடி கலந்தால் முழுச் சாப்பாடு.

இமயமலையில் சமையல்காரர் கூடவே வருவார். கேதார்காந்தா மாதிரி 3,800 மீட்டர் உயரத்தில் எல்லாருக்குமே பசி மந்தமாகும், நமக்கு அறவே இருக்காது. ரொட்டி, நூடுல்ஸ், ராஜ்மா, சாதம் என்று பரிமாறுவார்கள். பருப்பைத் தனியாக இரண்டு கிண்ணம் கேளுங்கள், முட்டையும் சூடான பாலும் கேளுங்கள். உயரத்தில் வயிற்றுக் காற்று விரியும் என்பதால் ராஜ்மாவை இரவில் தவிர்க்கிறேன். கொழுப்பு குறைந்த உடம்பு குளிரையும் அதிகம் உணரும். ஒரு அடுக்கு உடை கூடுதலாக எடுத்துப் போங்கள், இரவில் ஒரு குவளை சூடான சூப் குடித்துவிட்டுப் படுங்கள்.

உயரத்தில் காற்று மெலிவதால் வரும் தலைவலி, குமட்டலுக்கு, அதாவது உயர நோய்க்கு, டயமாக்ஸ் மாத்திரை போடச் சொல்வார்கள். அது சிறுநீரை அதிகமாக்கும், நம்மால் இழந்த தண்ணீரைச் சட்டென்று ஈடுகட்ட முடியாது. பைபாஸ்காரர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு ஏற்கனவே கூடுதல், இந்த மாத்திரையும் அதைக் கூட்டும். சர்ஜனிடம் கேட்காமல் தொடங்காதீர்கள். மெதுவாக உயரம் ஏறும் திட்டமுள்ள குழுவைத் தேர்ந்தெடுப்பது அதைவிட நல்லது.

சாப்பிட்டது நெஞ்சுல அடைச்சுக்கிட்டு நுரை நுரையா வாந்தி வருது. மலையில இப்படி ஆனா?

நின்று விடுங்கள். தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்காதீர்கள், அது மேலேதான் வரும். நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை நிதானமாக விட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் இறங்கிவிடும், அல்லது வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு இரண்டு மூன்று மணி நேரம் திரவம் மட்டும். அவசரமாக மென்றதுதான் பெரும்பாலும் காரணம். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, சீக்கிரம் சாப்பிடுங்க" என்று வழிகாட்டி சொன்னால் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

எந்த வலி வந்தா உடனே இறங்கணும்?

பைபாஸ் செய்தவர்களுக்கு, வருடங்கள் கழித்தும்கூட, குடல் உள்ளுக்குள்ளேயே ஒரு இடைவெளியில் நுழைந்து முறுக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. எடை குறையும்போது உள்ளே இருக்கும் கொழுப்பு கரைந்து அந்த இடைவெளி பெரிதாகிறது. தொப்புளைச் சுற்றியோ மேல் வயிற்றிலோ விட்டு விட்டுப் பிசைகிற கடுமையான வலி, முதுகுக்குப் பரவுவது, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் அடங்காதது என்றால் வாயுப் பிடிப்பு என்று கஷாயம் குடித்துக்கொண்டிருக்காதீர்கள். வாந்தி இல்லை என்றாலும் சரி. சிடி ஸ்கேனும் சர்ஜனும் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. வலது விலாவுக்குக் கீழே வலி என்றால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம், வேகமாக எடை குறைந்தவர்களுக்கு அது சகஜம். கறுப்பாக மலம் போனாலும் இறங்கிவிட வேண்டும்.

இன்னொன்று, வாந்தி நாள் கணக்கில் நிற்காமல் இருந்தால் பி1 சத்து, அதாவது தயமின், தீர்ந்துபோய் மூளையையே பாதிக்கும். பார்வை இரண்டாகத் தெரிவது, தள்ளாட்டம், குழப்பம் எல்லாம் அதன் அடையாளம். அந்த நிலையில் குளுக்கோஸ் டிரிப் ஏற்றும் முன் தயமின் ஊசி போட வேண்டும். அடிவாரத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் நீங்கள் பைபாஸ் ஆனவர் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதனால் ஒரு துண்டுச் சீட்டு எழுதி, லேமினேட் செய்து, பையின் மேல் அறையில் வையுங்கள்: எந்த ஆபரேஷன், எந்த வருடம், உங்கள் சர்ஜன் போன் எண், "வலி மாத்திரை பாராசிட்டமால் மட்டும்", "குளுக்கோஸுக்கு முன் தயமின்", "மூக்கு வழியாகக் குழாயைக் கண்ணை மூடிக்கொண்டு நுழைக்க வேண்டாம்". உங்கள் நண்பருக்கும் அந்தச் சீட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

மலையில குடிக்கலாமா?

காட்டுக்குள் யாருமே குடிக்கக் கூடாது. நம் உடம்பில் மது சட்டென்று ரத்தத்தில் ஏறி, அதிக நேரம் தங்கும். சர்க்கரையையும் இறக்கும். வேண்டாம்.

இறங்கி வந்த மறுநாள் கண்டதையெல்லாம் சாப்பிடத் தோணுது. இது சரியாகுமா?

இரண்டு மூன்று நாள் அப்படித்தான் இருக்கும், மலையில் குறைவாகச் சாப்பிட்டதற்கு உடம்பு கேட்கிறது. ஆனால் முறுக்கும் மிக்சரும் நம் வயிற்றில் தடையில்லாமல் இறங்கும், நாள் முழுக்கக் கொறித்தாலும் நிறையாது. எடை திரும்பி வருவது இந்த வழியில்தான். நான் கிளம்பும் முன்பே தோசை மாவு அரைத்து, பாசிப்பருப்பும் முட்டையும் வாங்கி வைத்துவிட்டுத்தான் போவேன். வந்து சேர்ந்ததும் பருப்பு அடையும் முட்டையும் முதல் வேளை. ஒன்றரை மணி நேர அலாரத்தை இன்னும் இரண்டு நாள் அணைக்காமல் விட்டு வைப்பேன்.